ஒரு பென்னிக்கு ஓர் இதழ்: பதிப்பாளர் சார்ல்ஸ் நைட்

1830ஆம் ஆண்டுவாக்கில் இங்கிலாந்தில் புதிதாக வெளிவந்த ஒரு நாவலை வாங்க எவ்வளவு செலவாகும்? அக்காலத்தில் ஒரு நாவல் பெரும்பாலும் மூன்று தொகுதிகளாக வெளிவரும். மூன்றும் சேர்ந்து 31 ஷில்லிங் 6 பென்னி. அன்றைய நாணயக் கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அப்படியானால் ஒரு நாவலின் விலை 378 பென்னி. வயலில் வேலை செய்த ஒரு கூலித்தொழிலாளி வாரம் முழுவதும் உழைத்தால் ஏறத்தாழ 10 ஷில்லிங் கிடைக்கும். அவர் ஒரு நாவலை வாங்க விரும்பினால், மூன்று வாரங்களுக்கு மேல் உண்ணாமல் உடுக்காமல் வாடகை கட்டாமல் கூலியைச் சேர்த்து வைக்க வேண்டும்.

இந்த விலைக்குப் பதிப்பாளர்களின் பேராசைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. புத்தகம் வாங்குவோர் சிலரே. ஆகவே சில நூறு படிகளே அச்சாயின. சில நூறு படிகளே அச்சானதால் ஒவ்வொரு படியின் அடக்கவிலையும் கூடியது. விலை கூடியதால் வாங்குவோர் மேலும் குறைந்தனர். செக்குமாடு போல எல்லாரும் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சிலர் அந்த வட்டத்திலிருந்து வெளியேற முயன்றார்கள். அவர்களுள் முக்கியமான ஒருவர்தான் சார்ல்ஸ் நைட்.

விண்ட்சர் புத்தகக் கடை

சார்ல்ஸ் நைட் 1791ஆம் ஆண்டு விண்ட்சர் நகரில் பிறந்தார். அரச குடும்பத்தின் கோட்டை இருக்கும் ஊர் அது. அவருடைய தந்தையார் அங்கே புத்தகக் கடையும் அச்சுக்கூடமும் நடத்தி வந்தார். தாயார் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டார். உடன்பிறந்தோர் இல்லாத சிறுவனுக்குக் கடையில் இருந்த புத்தகங்களே துணையாயின.

பள்ளிப் படிப்பு நீண்ட காலம் நீடிக்கவில்லை. 14 வயதில் தந்தையிடமே தொழில் பழகத் தொடங்கினார். அந்நாள்களில் தொழில் பழகுநர் என்றால் பல ஆண்டுகள் ஒப்பந்தம் செய்துகொண்டு, கூட்டுவது பெருக்குவதிலிருந்து நுட்பமான வேலைவரை அனைத்தையும் கற்க வேண்டும். நைட்டும் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் அடுக்கி அச்சுக்கோக்கக் கற்றார். ஒரு முறை, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டு முதல் தொகுப்பின் படி ஒன்று கையில் கிடைத்தது. அதில் சில பக்கங்கள் இல்லை. இளைஞர் நைட் பழைய பாணி எழுத்துகளைக் கொண்டு அந்தப் பக்கங்களைத் தம் கையாலேயே அச்சுக்கோத்து நிறைவுசெய்தார். பிற்காலத்தில் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் முழுவதையும் படங்களோடு பதிப்பித்தவர் இவர். அந்த ஆசைக்கு விதை அப்போதே விழுந்திருக்க வேண்டும்.

1812ஆம் ஆண்டு தந்தையும் மகனும் சேர்ந்து ஒரு வட்டாரச் செய்தித்தாளைத் தொடங்கினார்கள். அதன் ஆசிரியர் பொறுப்பை 21 வயது நைட் ஏற்றார். எழுத்தறிவு பரவிவருவதை அவர் தம் ஊரிலேயே கண்டார். ஞாயிற்றுப் பள்ளிகளும் தொண்டுப் பள்ளிகளும் ஏழைப் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டன. ஆனால், படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு அவர்கள் எதைப் படிப்பார்கள்? தெருவில் மலிவாகக் கிடைத்தவை கொலைக் கதைகள், சோதிடக் குறிப்புகள், ஆட்சியாளரைச் சாடும் துண்டுத்தாள்கள் ஆகியவையே. நல்ல நூல்கள் அனைத்தும் கைக்கெட்டாத உயரத்தில் இருந்தன. 1819ஆம் ஆண்டு தம் செய்தித்தாளில் மலிவுப் பதிப்புகள் பற்றி நைட் எழுதினார். மறு ஆண்டு, நண்பர் ஒருவரோடு சேர்ந்து எளிய மக்களுக்கென ஒரு மாத இதழைத் தொடங்கினார். அது இரண்டு ஆண்டுகளே நடந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நைட் புரட்சியாளர் அல்லர். மக்கள் கொதித்தெழுந்து ஆட்சியைக் கவிழ்த்துவிடுவார்களோ என்ற அச்சம் அவருக்கும் இருந்தது. நல்ல நூல்களைக் கொடுத்தால் மக்கள் அமைதியாகவும் அறிவோடும் முன்னேறுவார்கள் என்று அவர் நம்பினார். இந்த நம்பிக்கையே அவருடைய வலிமை. பின்னர் அவர் மீது எழுந்த குற்றச்சாட்டுக்கும் இதுவே காரணமாயிற்று.

இலண்டனில் விழுந்ததும் எழுந்ததும்

1823ஆம் ஆண்டு நைட் இலண்டனுக்குச் சென்று பதிப்பகம் தொடங்கினார். திறமை வாய்ந்த இளம் எழுத்தாளர்கள் அவரைச் சூழ்ந்திருந்தனர். பின்னாளில் வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற மெக்காலே அவர்களுள் ஒருவர். ஆனால், 1825ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பெரும் நிதி நெருக்கடி ஏற்பட்டது. வங்கிகள் மூடப்பட்டன, பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. புகழின் உச்சியில் இருந்த நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்கூடப் பதிப்புத் தொழிலில் பங்கு வைத்திருந்ததால் பெருங்கடனில் மூழ்கினார். அந்த அலையில் நைட்டின் தொழிலும் நிலைக்கவில்லை.

அச்சமயத்தில்தான் வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஹென்றி புரூம் என்பவர், ‘பயனுள்ள அறிவைப் பரப்பும் சங்கம்’ ஒன்றை 1826ஆம் ஆண்டில் அமைத்தார். அறிவியல், வரலாறு, கணிதம் ஆகியவற்றைத் தொழிலாளர்களுக்குக் குறைந்த விலையில் கொண்டுசேர்ப்பதே சங்கத்தின் நோக்கம். அறிஞர்கள் இருந்தார்கள், பிரபுக்கள் இருந்தார்கள், புத்தகத்தை எப்படி அச்சிட்டு விற்பது என்று தெரிந்தவர்தான் தேவைப்பட்டார். 1827ஆம் ஆண்டில் நைட் சங்கத்தோடு இணைந்தார்.

அவர் முதலில் கைவைத்தவற்றுள் ஒன்று பஞ்சாங்கம். ஆம், இங்கிலாந்திலும் பஞ்சாங்கம் உண்டு. ஆண்டு நாள்காட்டியோடு, எந்த மாதம் மழை பெய்யும், எந்த அரசருக்குக் கேடு வரும் என்றெல்லாம் சோதிடம் சொல்லும் சிறுநூல்கள் அவை. பைபிளை அடுத்துப் பல வீடுகளில் இருந்த ஒரே அச்சுநூல் இதுதான். சோதிடத்தை நீக்கிவிட்டு, வானியல் கணக்குகளும் பயனுள்ள தகவல்களும் கொண்ட ஒரு பஞ்சாங்கத்தை 1828ஆம் ஆண்டுக்காக நைட் வெளியிட்டார். அப்போது ஒரு பஞ்சாங்கத்துக்கு அரசாங்கம் விதித்திருந்த முத்திரை வரி மட்டும் 15 பென்னி! அச்சிட்ட தாளுக்கும் வரிக்கும் இடையே நைட் நடத்திய நீண்ட போராட்டத்தின் தொடக்கம் இது.

‘பென்னி மேகசின்’ பிறந்த கதை

1832ஆம் ஆண்டு மார்ச் மாதம். நைட்டும் அவருடைய நண்பர் மேத்தியூ டேவன்போர்ட் ஹில்லும் நகரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். தெருவில் விற்கப்பட்ட மலிவுத் தாள்களின் தரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மலிவாகவும் நல்லதாகவும் ஒன்றை நாமே வெளியிட்டால் என்ன என்று ஹில் கேட்டார். இதழின் பெயர்கூட அந்த நடையிலேயே முடிவாகிவிட்டது. இருவரும் நேரே ஹென்றி புரூமிடம் சென்றார்கள். அப்போது அவர் நாட்டின் தலைமை நீதித்துறை அமைச்சராகியிருந்தார். அவர் மகிழ்ச்சியோடு ஆதரவு தந்தார். சங்கக் குழுவில் இருந்த ஒரு மூத்த உறுப்பினருக்கோ இது பெருத்த சங்கடமாக இருந்தது. கற்றோர் கூடிய சங்கம், ஒரு பென்னிக்கு விற்கும் தாளை வெளியிடுவதா? சங்கத்தின் மதிப்பு என்னாவது? இந்த நிகழ்ச்சியை நைட் தம் வாழ்க்கை நினைவுகளில் பதிவுசெய்துள்ளார்.

மதிப்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 1832 மார்ச் 31ஆம் நாள், சனிக்கிழமை, ‘பென்னி மேகசின்’ முதல் இதழ் வெளிவந்தது. எட்டுப் பக்கங்கள், விலை ஒரு பென்னி. அவ்வாண்டு முடிவதற்குள் அதன் விற்பனை 200,000 படிகளை எட்டியது. ஓர் இதழை ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் படித்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், வாசகர் எண்ணிக்கை பத்து இலட்சம். பெரிய நாளிதழ்கள்கூடச் சில ஆயிரம் படிகளே விற்ற காலம் அது.

இதழில் என்ன இருந்தது? விலங்குகள், பறவைகள், பழங்காலச் சிலைகள், தொலைதூர நாடுகள், பாலங்கள், தேவாலயங்கள், அறிஞர் வரலாறு என்று பலவும் இருந்தன. எல்லாவற்றையும்விட வாசகரைக் கவர்ந்தவை படங்களே. இத்தாலிய ஓவியர் ரஃபேலின் ஓவியங்களையும், இலண்டன் வாழ்க்கையைத் தீட்டிய ஹோகார்த்தின் ஓவியங்களையும் நைட் இதழில் அச்சிட்டார். செல்வர் வீட்டுச் சுவரிலும் அருங்காட்சியகத்திலும் மட்டுமே காணக்கூடிய கலைப்படைப்புகள், ஒரு பென்னித் தாளில் நெசவாளியின் குடிசைக்குள் நுழைந்தன. சிலர் அந்தப் படங்களை வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கவும் கூடும்.

மலிவாக்கியது எது?

ஒரு பென்னிக்கு எட்டுப் பக்கமும் படங்களும் எப்படிக் கட்டுபடியானது? இந்தக் கேள்வி வாசகர்களுக்கும் எழுந்தது. நைட் அதை மறைத்துவைக்கவில்லை. 1833ஆம் ஆண்டு, அந்த இதழ் உருவாகும் விதத்தையே தொடர் கட்டுரையாக இதழிலேயே வெளியிட்டார். காகிதம் செய்வது முதல் அச்சடித்துக் கட்டுவதுவரை அனைத்தையும் படங்களோடு விளக்கினார். தொழில் இரகசியத்தைத் தானே கடைவிரித்த பதிப்பாளர்கள் அரியவர்கள்தாம்.

முதலாவது, அச்சு இயந்திரம். கையால் இயக்கும் அச்சுப்பொறியில், தாளை வைத்து, மை தடவி, நெம்புகோலை இழுக்க வேண்டும். இரண்டு ஆள்கள் நாள் முழுவதும் உழைத்தால் இரு பக்கமும் அச்சான தாள் ஏறத்தாழ 1,000 கிடைக்கும். நீராவியால் இயங்கும் உருளை இயந்திரமோ ஒரே நாளில் ஏறத்தாழ 16,000 தாள்களை அச்சிட்டுத் தள்ளியது. 160,000 படிகளைக் கைப்பொறி ஒன்றில் அச்சிட 160 நாள் ஆகும். வார இதழுக்கு அது எப்படிப் பொருந்தும்? இயந்திரத்துக்குப் பத்தே நாள் போதும்; இரண்டு இயந்திரங்கள் ஓடினால் ஐந்து நாள்.

இரண்டு இயந்திரங்கள் ஒரே சமயத்தில் ஓட, ஒரே பக்கம் இரண்டு படியாக இருக்க வேண்டுமே! அதற்கும் வழி இருந்தது. ஈய எழுத்துகளால் கோத்த பக்கத்தின் மீது சுண்ணச்சாந்தைக் குழைத்து ஊற்றுவார்கள். அது இறுகியதும் பக்கத்தின் அச்சு அப்படியே சாந்தில் பதிந்திருக்கும். அந்த அச்சில் உருக்கிய உலோகத்தை வார்த்தால், முழுப் பக்கமும் ஒரே தகடாகக் கிடைக்கும். இதை வார்ப்புத் தகடு எனலாம். தேவையான அளவு தகடுகளை வார்த்துக்கொள்ளலாம். கோத்த எழுத்துகளைக் கலைத்து அடுத்த பக்கத்துக்குப் பயன்படுத்தலாம். பழைய இதழுக்கு மீண்டும் கேட்பு வந்தால் தகட்டை எடுத்து அச்சிடலாம். நைட் இத்தகடுகளைப் பிற நாட்டுப் பதிப்பாளர்களுக்கும் விற்றார். 1833ஆம் ஆண்டில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இதே போன்ற மலிவு இதழ்கள் தோன்றின. ஜெர்மன் இதழின் பெயரிலும் ‘பென்னி’ என்பதற்கு இணையான ‘ஃபென்னிக்’ என்னும் நாணயம் இருந்தது.

மூன்றாவது, மரச்செதுக்குப் படங்கள். செப்புத் தகட்டில் கீறிய படங்களைத் தனிப்பொறியில் தனித்தாளில்தான் அச்சிட முடியும், செலவு கூடுதல். கடினமான ஒருவகை மரத்தைக் குறுக்காக அறுத்து, அதன் வெட்டுமுகத்தில் நுண்ணிய உளியால் படம் செதுக்குவார்கள். அந்த மரக்கட்டையின் உயரம் ஈய எழுத்தின் உயரத்துக்குச் சமமாக இருக்கும். ஆகையால் எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் ஒரே அழுத்தலில் அச்சாகும். ஒரு நல்ல படத்தைச் செதுக்கக் கலைஞருக்குப் பல பவுண்டு கூலி கொடுக்க வேண்டும். அந்தச் செலவைச் சில நூறு படிகளுக்குப் பகிர்ந்தால் தாங்காது. இரண்டு இலட்சம் படிகளுக்குப் பகிர்ந்தால் ஒரு படிக்கு விழும் பங்கு தூசுக்குச் சமம். நைட் கண்டறிந்த கணக்கு இதுதான். நல்ல எழுத்தாளருக்கும் நல்ல ஓவியருக்கும் நல்ல கூலி கொடுத்தே மலிவாக விற்கலாம். வாங்குவோர் பெருகினால் போதும்.

இதற்கு முன்பே, 1831ஆம் ஆண்டில், இயந்திரங்களின் பயன் பற்றி நைட் ஒரு சிறுநூல் எழுதியிருந்தார். அப்போது தென் இங்கிலாந்தில் வேலையிழந்த விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் பொருளை மலிவாக்கும், மலிவானால் எல்லாருக்கும் கிடைக்கும் என்று அவர் வாதிட்டார். அவருடைய இதழே அந்த வாதத்துக்குச் சான்றாக அமைந்தது என்பது உண்மை. ஆனால், வேலை போன கூலிக்காரருக்கு அந்த வாதம் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும்? நைட்டின் எழுத்தில் இந்தக் கேள்விக்கு நிறைவான விடை இல்லை.

இன்னொரு பென்னித் தாள்

நைட்டின் இதழுக்கு முந்திய ஆண்டிலேயே, அதாவது 1831இல், ஹென்றி ஹெதரிங்டன் என்னும் அச்சுத்தொழிலாளர் ‘ஏழையின் காவலன்’ என்று பொருள்படும் ஒரு வார இதழைத் தொடங்கியிருந்தார். அதன் விலையும் ஒரு பென்னிதான். ஆனால், அது சட்டத்தை மீறிய இதழ்.

ஏன் என்பதைப் புரிந்துகொள்ள அன்றைய வரியை அறிய வேண்டும். செய்தித்தாளின் ஒவ்வொரு படிக்கும் 4 பென்னி முத்திரை வரி கட்ட வேண்டும். இதனால் ஒரு செய்தித்தாளின் விலை பெரும்பாலும் 7 பென்னியாக இருந்தது. வருவாய் ஈட்டுவது மட்டும் இந்த வரியின் நோக்கமன்று. அரசியல் செய்தி ஏழைகளின் கைக்குப் போகாமல் தடுப்பதும் நோக்கம். செய்தியும் அரசியல் கருத்தும் இல்லாத இதழுக்கு இந்த வரி இல்லை. நைட்டின் இதழ் செய்தியைத் தொடவில்லை; ஆகவே வரி கட்டாமல் ஒரு பென்னிக்கு விற்க முடிந்தது. ஹெதரிங்டன் அரசியல் எழுதினார், வரி கட்ட மறுத்தார், சிறை சென்றார். அவருடைய தாளையும் அது போன்ற பிற தாள்களையும் தெருவில் விற்ற நூற்றுக்கணக்கானோர் சிறையில் அடைக்கப்பட்டனர்.

ஹெதரிங்டன் தரப்பினர் ‘பென்னி மேகசினை’க் கடுமையாக எள்ளினார்கள். அவர்களுடைய வாதத்தின் சாரம் இதுதான்: தொழிலாளிக்கு வாக்குரிமை இல்லை, போதிய கூலி இல்லை. அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், விலங்குகளையும் பழைய சிலைகளையும் பற்றி எழுதும் இதழ், அவனைத் தூங்கவைக்கத்தான் பயன்படும். எந்த அறிவு பயனுள்ளது என்பதைப் பிரபுக்களும் அமைச்சர்களும் அடங்கிய ஒரு சங்கமா தீர்மானிப்பது?

இது எளிதில் ஒதுக்கிவிடக் கூடிய கேள்வியன்று. நைட்டின் இதழை வாங்கியவர்களில் கடைக்காரர்கள், எழுத்தர்கள், கைவினைஞர்கள் போன்ற சற்று வசதியுள்ளோரே மிகுதி என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அரசியலை மட்டும் படிப்பவருக்கும் உலகத்தை அறியும் ஆவல் இருக்கும். பள்ளிக்கே போகாத ஒருவர், எட்டுப் பக்கத் தாளின் மூலம் வானியலையும் நிலவியலையும் முதன்முதலாக அறிந்திருந்தால், அதைச் சிறுமை என்று சொல்ல முடியுமா? இரண்டு பென்னித் தாள்களும் ஒரே தெருவில், ஒருவேளை ஒரே வீட்டிலும் இருந்திருக்கலாம்.

1834ஆம் ஆண்டு ஒரு வழக்கு வேடிக்கையாக முடிந்தது. ஹெதரிங்டனின் தாள் சட்டப்படி செய்தித்தாளே அன்று என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது! அப்படியானால் அதை விற்றுச் சிறை சென்றவர்கள் எந்தக் குற்றத்துக்காகச் சென்றார்கள்? 1836ஆம் ஆண்டு முத்திரை வரி 4 பென்னியிலிருந்து 1 பென்னியாகக் குறைக்கப்பட்டது. 1855ஆம் ஆண்டு அது முற்றிலும் நீக்கப்பட்டது.

கலைக்களஞ்சியமும் காகித வரியும்

இதழின் வெற்றி நைட்டுக்குத் துணிவைத் தந்தது. 1833ஆம் ஆண்டு ‘பென்னி சைக்ளோபீடியா’ என்னும் கலைக்களஞ்சியத்தை அவர் தொடங்கினார். வாரம் ஒரு பகுதி, விலை ஒரு பென்னி. வாசகர் அப்பகுதிகளைச் சேர்த்துவைத்துத் தொகுதியாகக் கட்டிக்கொள்ளலாம். ஜார்ஜ் லாங் என்னும் பேராசிரியர் தொகுப்பாசிரியராக இருந்தார். பழைய நூல்களைப் பார்த்து எழுதாமல், துறை வல்லுநர்களைக் கொண்டே ஒவ்வொரு கட்டுரையும் புதிதாக எழுதப்பட்டது. கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன் மட்டும் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார்.

முதலில் எட்டுத் தொகுதிகளில் முடித்துவிடலாம் என்று திட்டமிட்டார்கள். ஆனால், அறிஞர்களிடம் சுருக்கமாக எழுதச் சொல்வது எளிதா? வேலை வளர்ந்துகொண்டே போனது. வாரம் ஒரு பகுதி என்றால் முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும் என்று தெரிந்ததும், வாரத்துக்கு இரண்டு பகுதி, பிறகு நான்கு பகுதி என்று வெளியிட்டார்கள். ஒரு பென்னி கொடுக்க முடிந்தவருக்கு நான்கு பென்னி கொடுக்க முடியவில்லை. 75,000 படிகளில் தொடங்கிய விற்பனை, இறுதியில் 20,000 படிகளாகச் சரிந்தது. நைட் நிறுத்தவில்லை. 1843ஆம் ஆண்டு 27ஆம் தொகுதியோடு கலைக்களஞ்சியம் நிறைவுற்றது. எழுத்துக்கும் படங்களுக்கும் மட்டும் அவர் செலவிட்டது 42,000 பவுண்டு.

நைட்டின் தோளில் ஏறிய இன்னொரு சுமை காகித வரி. காகிதத்தின் எடைக்கேற்ப அரசாங்கம் வரி வாங்கியது. தொடக்கத்தில் ஓர் இராத்தல் காகிதத்துக்கு 3 பென்னி. 1836க்குப் பிறகு ஒன்றரைப் பென்னி. புத்தகம் விற்றாலும் விற்காவிட்டாலும் வரி கட்டியாக வேண்டும். 31 ஷில்லிங் நாவலின் விலையில் இந்த வரி ஒரு சிறு துளி. ஒரு பென்னிக்கு விற்கும் தாளுக்கோ காகிதமே பெருஞ்செலவு. அதன் மீதான வரி ஆதாயத்தையே விழுங்கிவிடும். பெயருக்கு எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே வரி. உண்மையில் ஏழையின் புத்தகத்துக்கே அதிக வரி. கலைக்களஞ்சியத்துக்காக மட்டும் தாம் கட்டிய காகித வரி 16,500 பவுண்டு என்று நைட் 1850ஆம் ஆண்டு ஒரு சிறுநூலில் கணக்குக் காட்டினார். அந்த முயற்சியில் அவருக்கு மொத்தம் 30,000 பவுண்டுக்கு மேல் நட்டம் ஏற்பட்டது. அந்த வரி மட்டும் இல்லாதிருந்தால் நட்டம் பாதிக்கு மேல் குறைந்திருக்கும்.

கடனை அடைத்துக்கொண்டே

‘பென்னி மேகசின்’ விற்பனையும் நாளடைவில் குறைந்தது. 1842ஆம் ஆண்டு படங்கள் நிறைந்த செய்தி வார இதழ் ஒன்று இலண்டனில் தோன்றியது. தொடர்கதைகள் வெளியிட்ட மலிவு இதழ்களும் பெருகின. நைட்டோ தம் இதழில் கதை வெளியிடவில்லை. நாள் முழுவதும் ஆலையில் உழைத்துத் திரும்பியவர் ஒரு நல்ல கதையைத் தேடியதில் வியப்பென்ன? 200,000 படிகள் விற்ற இதழ் 40,000 படிகளுக்கு இறங்கி, 1845ஆம் ஆண்டின் இறுதியில் நின்றது. மறு ஆண்டு சங்கமும் கலைந்தது. உலக அறிஞர்களின் வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பு ஒன்றைச் சங்கம் தொடங்கியிருந்தது. அது ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்தோடு பணமின்றி நின்றுபோனது. அந்த ஓர் எழுத்துக்கே ஏழு பகுதிகள் ஆகியிருந்தன.

நைட் ஓய்ந்துவிடவில்லை. 1844ஆம் ஆண்டு முதல் வாரம் ஒரு நூலாக, ஒரு ஷில்லிங் விலையில் ஒரு வரிசையை வெளியிட்டார். இங்கிலாந்தின் முதல் அச்சாளர் வில்லியம் கேக்ஸ்டனின் வரலாற்றை அவரே எழுதி, அதையே வரிசையின் முதல் நூலாக்கினார். ஷேக்ஸ்பியரைப் பற்றியும் எழுதினார். ஷேக்ஸ்பியர் தம் உயிலில் மனைவிக்கு ‘இரண்டாந்தரக் கட்டிலை’ மட்டும் விட்டுச்சென்றது ஏன் என்று பலர் கேலி பேசியதுண்டு. அன்றைய சட்டப்படி கணவரின் சொத்தில் மனைவிக்குரிய பங்கு உயிலில் எழுதாமலே கிடைத்துவிடும் என்று நைட் சுட்டிக்காட்டினார். அறிஞர்கள் இன்றும் விவாதிக்கும் கருத்து அது. 1856 முதல் 1862 வரை எட்டுத் தொகுதிகளில் இங்கிலாந்தின் வரலாற்றை எளிய மக்களுக்காக எழுதி முடித்தார். அரசர்களோடு நிறுத்தாமல், மக்கள் என்ன உண்டார்கள், என்ன கூலி பெற்றார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் அதில் சேர்த்தார்.

நாடு முழுவதும் ஒரே பென்னி அஞ்சல் கட்டணத்தை 1840ஆம் ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்த ரோலண்ட் ஹில், நாம் முன்பு பார்த்த மேத்தியூ ஹில்லின் தம்பி. செய்தித்தாள்களை அனுப்ப முன்கூட்டியே முத்திரையிட்ட உறைகளை விற்கலாம் என்று 1834ஆம் ஆண்டிலேயே நைட் யோசனை கூறியிருந்தார். தமக்கு உதவிய யோசனைகளுள் அதுவும் ஒன்று என்று ரோலண்ட் ஹில் ஒப்புக்கொண்டார்.

1828ஆம் ஆண்டுக்கும் 1853ஆம் ஆண்டுக்கும் இடையில் இங்கிலாந்தில் புதிய நூல்களின் சராசரி விலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று நைட் கணக்கிட்டார். அந்த மாற்றத்தை உண்டாக்கியவர் அவர் ஒருவரே அல்லர். ஸ்காட்லாந்தில் வில்லியம், ராபர்ட் சேம்பர்ஸ் சகோதரர்கள் அவருக்கு இரண்டு மாதம் முன்னதாகவே ஒன்றரைப் பென்னிக்கு வார இதழைத் தொடங்கியிருந்தனர். இரயில் நிலையங்களில் ஒரு ஷில்லிங்குக்கு நாவல் விற்ற ஜார்ஜ் ரட்லெட்ஜ் போன்றோர் பின்னர் வந்தனர். அவர்களில் பலர் செல்வராயினர். நைட் செல்வராகவில்லை.

காகித வரி 1861ஆம் ஆண்டு நீக்கப்பட்டபோது நைட்டுக்கு வயது 70. அந்த வரியால் பெருமளவு இழந்தவர், அதன் நீக்கத்தால் ஆதாயம் அடையும் வயதைக் கடந்திருந்தார். இருந்தும் தம் நினைவுகளை மூன்று தொகுதிகளாக எழுதி 1864, 1865ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்.

நைட்டின் நண்பர்களுள் டக்ளஸ் ஜெரல்ட் என்னும் நகைச்சுவை எழுத்தாளர் ஒருவர் இருந்தார். நைட்டின் கல்லறையில் பொறிக்கத்தக்க வாசகம் எது என்று ஒரு நாள் பேச்சு வந்தபோது, இரண்டே சொல் போதும் என்றாராம் ஜெரல்ட்: ‘குட் நைட்’. ஆங்கிலத்தில் இரவைக் குறிக்கும் சொல்லும் நைட்டின் குடும்பப் பெயரும் ஒலியில் ஒன்றே, எழுத்தில்தான் வேறுபாடு. கேட்டால் இரவு வணக்கம். எழுதினால் ‘நல்லவர் நைட்’.

1873 மார்ச் 9ஆம் நாள் தம் 81ஆம் வயதில் நைட் காலமானார். அச்சுக்கோக்கப் பழகிய விண்ட்சர் நகரிலேயே அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.